வாசல் சிரிக்க வேண்டுமா?

எங்கள் தெருவுக்குத் தினமும் காய்கறி வண்டி ஒன்று வருகிறது. வண்டிக்காரருக்கு வீட்டு எண்ணெல்லாம் நினைவிருக்காது. "பச்சைக் கதவு வீட்டம்மா", "செம்பருத்தி வீட்டம்மா", "நாய் வீட்டம்மா" என்றுதான் கூப்பிடுவார். 2017-ஆம் ஆண்டு வரையில் நான் "பவழமல்லி வீட்டம்மா"வாக இருந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷ காலம் "சுவர் உரிஞ்ச வீட்டம்மா" ஆகிவிட்டேன்!

அந்தப் பட்டம் எனக்கு எப்படிக் கிடைத்தது, பிறகு எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்கு வர்ணம் அடிக்க வேண்டும், வாசலில் நாலு செடி வைக்க வேண்டும் என்று எண்ணிக் கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு என் அனுபவம் ஒரு லட்ச ரூபாயையாவது மிச்சப்படுத்தும். அதிலும் பெரிய ஒன்றையும் மிச்சப்படுத்தலாம்.

புயல் விட்டதை நாங்கள் வெட்டினோம்

எங்கள் வீடு சென்னையின் தென்பகுதியில் இருக்கிறது. மாமனார் 1964-இல் கட்டியது. செங்கல் சுவர், அதன் மேல் சுண்ணாம்புக் காரைப் பூச்சு. முன்னால் இருபதடி அகலம், பத்தடி ஆழத்தில் மண் வாசல். அதன் ஓரத்தில் என் மாமியார் நட்ட பவழமல்லி. அத்தை விடியற்காலையில் எழுந்து, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூவை ஓலைத் தட்டில் பொறுக்கிக் கொண்டு திண்ணையில் உட்காருவார். போகிற வருகிறவர்களோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தது. சென்னையில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்று அப்போது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எதிர் வீட்டு மரம் எங்கள் காம்பவுண்டுச் சுவரின் மேல் விழுந்து, சுவர் பாதி இடிந்து போயிற்று. பவழமல்லிக்கு இரண்டு கிளை முறிந்ததோடு சரி.

அந்தத் தை மாதம் என் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் வருவதற்குள் வாசலைச் சீர் செய்ய வேண்டுமென்று அவசர அவசரமாக வேலை தொடங்கினோம். "இனிமேல் வாசலில் மரமே வேண்டாம். நாளைக்கு இதுவும் விழுந்தால் யார் பார்ப்பது?" என்றார் என் கணவர். "கார் நிறுத்த இடமாகும்" என்றான் பையன். "தினமும் சருகு கூட்டுவது மிச்சம்" என்று நானும் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன். ஆளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அத்தையை யாரும் கேட்கவில்லை.

மரம் வெட்டிய அன்று அத்தை ஒன்றும் பேசவில்லை. ஓலைத் தட்டைக் கழுவித் துடைத்து, "இதைப் பரண் மேல் போட்டுவிடு அம்மா" என்று என்னிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் திண்ணைக்கு வரவே இல்லை.

வாசல் முழுவதும் பளபளவென்று டைல்ஸ் போட்டோம். காம்பவுண்டுச் சுவரைக் கட்டிப் பூசிய பத்தாம் நாளே அதற்கு வர்ணம். வீட்டுச் சுவருக்கு விலை உயர்ந்த பிளாஸ்டிக் பெயிண்டு இரண்டு பூச்சு. செலவு ஒரு லட்சத்து இருபதாயிரம். நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்களெல்லாம், "அட, புது வீடு மாதிரி இருக்கிறதே!" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமைக்கு ஆயுள் பத்து மாதம். நவம்பர் மழையில் சுவரின் அடியில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. விரலால் தொட்டால் வர்ணம் அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. மறு வருஷம் சுரண்டி மறுபடி அடித்தோம். மறுபடி உரிந்தது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது எங்கள் ஆழ்குழாய்க் கிணறும் கை விரித்தது. மேலே சுவர் ஈரம், கீழே கிணறு வறட்சி. என்ன விந்தை பாருங்கள்!

"சுவருக்கு ரெயின்கோட் மாட்டிவிட்டீர்களே!"

அந்தச் சமயத்தில் குளியலறைச் சாக்கடையைச் சரி பார்க்க ஒரு வயதான கொத்தனார் வந்தார். போகும்போது வாசல் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, சுவருக்கு ரெயின்கோட் மாட்டிவிட்டீர்களே!"

"மழைக்குத்தானே ஐயா ரெயின்கோட்?" என்றேன்.

"மழை மேலேயிருந்து வந்தால் சரி. இங்கே தண்ணி காலுக்குக் கீழேயிருந்து ஏறுது. ரெயின்கோட்டைப் போட்டுக்கிட்டு வெயில்லே ஓடிப் பாருங்க, உள்ளே வேர்க்குமா வேர்க்காதா?"

பிறகு ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் டைல்ஸின் மேல் ஊற்றினார். தண்ணீர் தெருப் பக்கம் போகவில்லை. சாவதானமாக உள்ளே ஓடி வந்து, வீட்டுச் சுவரின் அடியில் போய் நின்றது. கார் ஏறுவதற்காகக் கேட்டோரத்தை உயர்த்தியதில் சாய்வு முழுவதும் வீட்டைப் பார்த்து அமைந்துவிட்டது!

"மண்ணு குடிக்க வேண்டிய தண்ணியைச் சுவர் குடிக்குது. அவ்வளவுதாம்மா சங்கதி" என்று சொல்லி வாளியைக் கவிழ்த்து வைத்தார் பெரியவர்.

வாசல் அழகின் சூட்சுமம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல, செங்கலும் காரையும் அடியில் தேங்கும் நீரை மேலே இழுக்கின்றன. இதைத்தான் 'ஓதம் ஏறுகிறது' என்கிறோம். நீரோடு உப்பும் ஏறுகிறது. நீர் காற்றில் உலர்ந்து போகும். உப்பு மட்டும் சுவரிலேயே தங்கிப் பூக்கும். வெளியே கெட்டியான பெயிண்டுப் படலம் இருந்தால் ஈரம் போக வழியின்றி முட்டும். உப்பும் உள்ளிருந்து தள்ளும். பிறகு எவ்வளவு உயர்ந்த வர்ணமாக இருந்தாலும் கழன்றுதான் வரும்.

நம் பாட்டிமார் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு போகிக்கு முன்னால் வெள்ளையடித்தார்களே, அவர்கள் சுவர் உரியவில்லையா என்று கேட்கலாம். அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். கொஞ்சம் உதிர்ந்தாலும் அடுத்த போகிக்கு மறுபடி அடித்துக் கொள்வார்கள். நாமோ போகி வழக்கத்தை மட்டும் வைத்துக் கொண்டு, சுண்ணாம்பை விட்டுவிட்டோம். ஈரச் சுவரின் மேல் பிளாஸ்டிக் பெயிண்டை அடித்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுகிறோம்.

முதலில் தண்ணீர், பிறகு வர்ணம்

வர்ணக் கடைக்குப் போகுமுன் உங்கள் சுவருக்கு ஒரு சோதனை வையுங்கள். ஓரடிச் சதுரமுள்ள பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் புகாதபடி நாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுவதும் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், அல்லது சுவர் அந்த இடத்தில் கறுத்திருந்தால், இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். பெயிண்டு வாங்கும் பணம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பிறகு மேலிருந்து கீழே பார்த்துக் கொண்டு வாருங்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா? அந்த வெடிப்பில் அரசங்கன்று தலைகாட்டுகிறதா? காக்கை போட்ட விதைதானே என்று விட்டால் நாலே வருஷத்தில் சுவரைப் பிளந்துவிடும். வேரோடு எடுத்து அடைக்க வேண்டும். சன்ஷேட்டின் மேல் குப்பை சேர்ந்து தண்ணீர் நிற்கிறதா? மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரை ஒட்டியே ஊற்றுகிறதா? இவற்றைச் சரி செய்தாலே பாதி வியாதி தீர்ந்துவிடும்.

கடைசியாகச் சுவரின் அடி. சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குத் தளம் போட்டு, அது வீட்டை விட்டு வெளிப்புறமாகச் சாயும்படி செய்ய வேண்டும். நாலடிக்கு ஓர் அங்குலம் சாய்வு போதும். வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகே கொத்தனாருக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும்!

உப்புப் பூத்த இடத்தை ஈரத் துணியால் துடைக்கலாகாது. உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷால் தேய்த்து உதிர்த்துப் பெருக்கி எடுத்துவிட வேண்டும். கெட்டுப் போன பூச்சை, ஈரம் ஏறிய கோட்டுக்கு மேல் ஓரடி வரையில் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவராயிருந்தால் சுண்ணாம்புக் காரையாலேயே பூசுவது உத்தமம். புதிதாகச் சிமெண்டுப் பூச்சுப் பூசினால் ஒரு வாரம் தண்ணீர் தெளித்து வர வேண்டும். அதற்கு மேல் மொத்தம் நாலு வாரமாவது காய விட்டுத்தான் வர்ணம் அடிக்கலாம். நாங்கள் பத்தாம் நாளே அடித்த அழகைத்தான் சொன்னேனே!

சென்னைக்கு மாசி, பங்குனி மாதங்களே வர்ணம் அடிக்கத் தோதான காலம். மழைக்கால ஈரம் வடிந்திருக்கும். அக்கினி நட்சத்திரமும் வந்திராது. சுவர் சுடும்போது அடித்தால் மேல் மட்டும் சீக்கிரம் காய்ந்து, பிடிப்பு இல்லாமல் போகும். ஆகையால் வெயில் படாத பக்கமாகப் பார்த்து வேலையை நகர்த்திக் கொண்டே போகச் சொல்ல வேண்டும்.

எந்தச் சுவருக்கு எந்தப் பூச்சு?

சுண்ணாம்பு அடிப்பதாயிருந்தால் நல்ல சுட்ட சுண்ணாம்பாக வாங்கி, கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் ஊற வையுங்கள். தண்ணீரில் போட்டதும் அது கொதிக்கும். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஒரு நாள் ஊறிய பிறகு முரட்டுத் துணியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த வஜ்ரமும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்க்க வேண்டும். சுவரை நனைத்துவிட்டு, மெல்லிசாக மூன்று தடவை அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே தடவை அடித்தால் சட்டையில் ஒட்டிக் கொள்ளும். ஆனால் ஏற்கெனவே பிளாஸ்டிக் பெயிண்டு அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அதை முழுவதும் சுரண்டி எடுத்த பிறகே சுண்ணாம்பு.

சிமெண்டுப் பெயிண்டு விலை குறைவு. இதற்கும் சுவரை முன்பே நனைக்க வேண்டும். அடித்த பிறகும் தண்ணீர் தெளிக்க வேண்டும். சிமெண்டு அல்லவா, தண்ணீர் குடித்தால்தான் இறுகும். கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

வெளிப்புற எமல்ஷன் பெயிண்டு பல வருஷம் உழைக்கும், கழுவவும் செய்யலாம். சிமெண்டுப் பூச்சுள்ள, நன்றாகக் காய்ந்த சுவருக்கு இது ஏற்றது. முதலில் பிரைமர் ஒரு பூச்சு, அதன் மேல் எமல்ஷன் இரண்டு பூச்சு. பிரைமரில் சிக்கனம் பார்ப்பது, பாயை மிச்சம் பிடித்துத் தரையில் படுத்துச் சளி பிடித்துக் கொள்வது போல!

எவ்வளவு வாங்குவது என்பதற்கு நீங்களே கணக்குப் போடலாம். எங்கள் முன் சுவர் இருபதடி நீளம், பதினோரடி உயரம். ஆக 220 சதுர அடி. கதவுக்கும் ஜன்னலுக்கும் 40 சதுர அடி கழித்தால் 180. எமல்ஷனாக இருந்தால் இரண்டு பூச்சுக்கு லிட்டருக்குச் சுமார் 50 சதுர அடி வரும். நாலு லிட்டர் டின் ஒன்று போதும். இந்தக் கணக்கைச் சீட்டில் எழிதி வைத்துக் கொண்டால் பெயிண்டர் பத்து லிட்டர் கேட்கும்போது புன்னகை செய்யலாம்.

நிறம் அவரவர் பிரியம். ஆனால் கடையில் காட்டும் சிறு அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அட்டையில் இளசாகத் தெரிவது சுவர் முழுவதும் வந்தால் கண்ணைப் பறிக்கும். சின்ன டின் ஒன்று வாங்கி, சுவரில் இரண்டடிச் சதுரம் அடித்துப் பாருங்கள். காலை வெயிலில், உச்சிப் பொழுதில், சாயங்கால விளக்கில், மூன்று வேளையும் பார்த்த பிறகு சொல்லுங்கள். மேற்குப் பார்த்த சுவருக்கு வெளிர் நிறம் நல்லது. வெயிலைத் திருப்பி அனுப்பும், வெளுப்பும் சட்டென்று தெரியாது. கடுமையான நிறத்தில் ஆசை இருந்தால் கதவோடு நிறுத்திக் கொள்ளலாம். புடவைக்குக் கரை போல வீட்டுக்குக் கதவு!

குழந்தை இருக்கும் வீட்டில் ஓர் எச்சரிக்கை

பழைய கதவு, ஜன்னல் கம்பி, கேட் இவற்றில் பல வருஷமாக ஏறியிருக்கும் எண்ணெய் வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும். நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 1-11-2017 முதல்தான் அமலுக்கு வந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் பெரும் பகை. ஆகவே பழைய வர்ணத்தை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். தண்ணீர் தெளித்து, நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடியும் வரையில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். உதிர்ந்ததை ஈரத் துணியால் துடைத்துக் கட்டி எறியுங்கள், செடிக்கடியில் தள்ளாதீர்கள். புது டின்னில் ஈயம் சேராதது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரும்புக் கேட்டுக்குத் துருவை நன்றாகத் தேய்த்தெடுத்து ரெட் ஆக்சைடு அடித்த பிறகே எனாமல். துருவின் மேல் அடித்த வர்ணம், அழுக்குத் தலையில் வைத்த பூ!

மண்ணுக்குக் கொஞ்சம் இடம்

இப்போது வாசலுக்கு வருவோம். சென்னையில் வருஷத்துக்குச் சராசரி 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. எங்கள் வாசல் 200 சதுர அடி. இந்தச் சின்ன இடத்தில் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 26,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஒன்பதாயிரம் லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட மூன்று லாரி! வானம் இலவசமாக அனுப்பிய மூன்று லாரித் தண்ணீரைப் பாதி சுவருக்கும் பாதி சாக்கடைக்கும் அனுப்பிவிட்டு, கோடையில் குடத்தோடு நின்றோம்.

தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எங்கள் வீட்டிலும் குழி வெட்டினோம். டைல்ஸ் போட்ட அன்று அதன் வாயையே மூடிவிட்டோம் என்பது கொத்தனார் கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது.

"அவ்வளவு டைல்ஸையும் பெயர்ப்பதா?" என்று என் கணவர் தயங்கினார். பெரியவரே ஒரு வழி சொன்னார். காரின் சக்கரம் ஓடும் இடத்தில் மட்டும் இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டைகளை விட்டுவிட்டு, மற்றதைப் பெயர்த்து மண்ணாக்கினோம். குழியைத் தோண்டிச் சேற்றை அள்ளி, அடியில் கருங்கல் ஜல்லியும் மேலே மணலும் போட்டு, மாடிக் குழாயை அதில் விட்டோம். இப்போது வருஷந்தோறும் புரட்டாசியில் அதைச் சுத்தம் செய்வதை ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு சடங்காகவே வைத்திருக்கிறோம்.

மண் வாசல் வந்ததில் இன்னொரு லாபம்: கோலம். டைல்ஸில் போட்ட கோலம் கால் பட்டால் வழுக்கிக் கலைந்துவிடும். சாணம் தெளித்த மண்ணில் விழுந்த அரிசி மாவு பொழுது சாயும் வரையில் நிற்கிறது, எறும்புக்கும் ஆகாரம். நாலு முழம் செம்மண் பட்டை இழுத்துவிட்டால், எந்த வர்ணக் கம்பெனியும் தர முடியாத சிவப்பு!

என்ன செடி வைக்கலாம்?

சுவரை ஒட்டிச் செடி வைக்காதீர்கள். ஊற்றும் தண்ணீர் மறுபடி சுவருக்குத்தான் போகும். இரண்டு மூன்று அடி தள்ளியே பாத்தி. பாத்தி மண் வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும்.

நல்ல வெயில் விழும் வாசலுக்குச் செம்பருத்தி, இட்லிப்பூ, நித்தியகல்யாணி. தண்ணீர் கஷ்டமுள்ள வீட்டுக்குக் காகிதப்பூ. அதிகம் தண்ணீர் விட்டால்தான் அது பூக்காமல் கோபித்துக் கொள்ளும். அரை நிழலுக்கு நந்தியாவட்டை. கம்பி வேலிக்குச் சங்குப்பூவும் முல்லையும். அரளி அழகுதான், ஆனால் இலை, பூ, காய் எல்லாமே விஷம். கையில் அகப்பட்டதை வாயில் வைக்கும் குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம். செம்பருத்தியில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பினால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள்.

உயரமானது முன்னே, குட்டையானது பின்னே என்று நட்டுவிடாதீர்கள். கேட்டருகே குட்டைச் செடி, உள்ளே போகப் போக உயரம் என்றிருந்தால் வாசல் பெரிதாகத் தோன்றும். பத்து வகையில் ஒவ்வொன்று வைப்பதைவிட, மூன்று வகையில் மும்மூன்று வைத்தால் பார்வைக்கு நிறைவாக இருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களும் அடுக்குமாடியில் இருப்பவர்களும், "எங்களுக்கு ஏது வாசல்?" என்று பெருமூச்சு விட வேண்டாம். கதவு ஒன்று இருந்தால் வாசலும் உண்டு. நிலைப்படியைத் துடைத்து மஞ்சள், குங்குமம், துருப்பிடிக்காத தாழ்ப்பாள், எழுத்துத் தெரியும் பெயர்ப் பலகை, எரிகிற விளக்கு, வெளிச்சம் பார்த்து இரண்டு தொட்டி. செருப்புகளை ஒரு பெட்டிக்குள் தள்ளினாலே முகம் பாதி தெளிந்துவிடும். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு தடவை கட்டாயம் கொட்டிவிடுங்கள். டெங்குக் கொசு வளர அந்தத் தண்ணீர் போதும்.

திரும்பி வந்த கன்று

2019 ஆவணியில் பாத்தி தயாரானதும், "அத்தை, என்ன செடி நடலாம்?" என்று கேட்டேன். பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் வாசலைப் பற்றி அவரை நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. "உங்கள் இஷ்டம் அம்மா" என்றார். முகம் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பியது.

கோடி வீட்டுக்குப் போனேன். அவர்கள் கொல்லையில் ஒரு பவழமல்லி உண்டு. பல வருஷங்களுக்கு முன் எங்கள் மரத்தடியில் முளைத்த கன்றை அத்தைதான் அவர்களுக்குக் கொடுத்தாராம். இப்போது அந்த மரத்தடியில் முளைத்திருந்த ஒரு கன்றை அந்த அம்மாள் மண்ணோடு பெயர்த்துக் கொடுத்தார். "உங்க வீட்டுச் சொத்துதானே, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சிரித்தார். நம் வாசல் என்று நினைக்கிறோம். அதில் பாதி தெருவுக்குச் சொந்தம் என்பது அன்று விளங்கியது.

சுவர் அந்த மழைக்காலம் முழுவதும் வர்ணமில்லாமலே நின்றது. 2020 மாசியில், பாலித்தீன் தாள் சோதனையில் தேறிய பிறகு, சுண்ணாம்பு அடித்தோம். கூலியும் சாமானும் சேர்ந்து முன்பு செலவழித்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வருஷா வருஷம் மாசியில் ஒரு பூச்சு அடிக்கிறோம். உரியவில்லை. அதற்குப் பிறகு வந்த கோடைகளில் கிணறும் எங்களைக் கைவிடவில்லை.

2021 புரட்டாசியில் ஒரு நாள் விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போனேன். ஈர மண்ணில் வெள்ளையும் பவழமுமாக நாலைந்து பூ உதிர்ந்து கிடந்தது. வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பரண் மேல் ஏறினேன். தூசு தட்டிய ஓலைத் தட்டைக் கொண்டு வருவதற்குள் அத்தை கைத்தடியோடு திண்ணைக்கே வந்துவிட்டார்.

"குனிய முடியவில்லை. நீ பொறுக்கு" என்றார். பொறுக்கிப் போட்டேன். ஒவ்வொன்றாக எண்ணினார். பன்னிரண்டு.

சற்று நேரத்தில் காய்கறி வண்டி வந்தது. வண்டிக்காரர் சுவரைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், திண்ணையில் தட்டோடு உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தார்.

"பவழமல்லி வீட்டம்மா, கத்தரிக்காய் பிஞ்சா இருக்கு, வேணுமா?" என்று கூப்பிட்டார்.

இரண்டு கிலோ வாங்கினேன். அன்று வீட்டில் யாருக்கும் கத்தரிக்காய் வேண்டியிருக்கவில்லை!